எருமைக்கு நாள் குறிக்கிறவள்

அவ்வா சீட்டைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். வீட்டில் அவர் பேசுவது தெலுங்கு. தமிழ் எழுத்து அரைகுறைதான், ஆனால் எண்களில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ராகி மில் ரசீதின் பின்பக்கம் நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: வெள்ளி, முதல் ஊசி. அடுத்த வெள்ளி மாலை 3 மணி, இரண்டாவது ஊசி. ஞாயிறு மாலை 3 மணி, மூன்றாவது. திங்கள் காலை 8 மணி, சினை ஊசி.

“திங்கக்கெழம எட்டு மணியா? ஏழரைலேருந்து ஒம்போது ராகு காலமாச்சே டாக்டரம்மா.”

“ஊசிக்கு ராகு காலமெல்லாம் கெடையாது அவ்வா. அது உடம்போட கணக்கு.”

“நீ பாத்தாலும் பாக்காட்டியும் அது இருக்குமில்ல?”

எருமை எங்கள் இருவரையும் பார்க்காமல் அசை போட்டுக்கொண்டிருந்தது. நான் முதல் ஊசியைப் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். கெலமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றபோதும் அந்தக் கேள்வி பின் சீட்டில் உட்கார்ந்திருந்தது.

கெலமங்கலத்தைச் சுற்றி இந்தத் தொழிலில் பதின்மூன்று வருஷமாக இருக்கிறேன். இங்கே எருமைக்கு மூன்று பெயர். தமிழில் எருமை, கன்னடத்தில் எம்மெ, தெலுங்கில் எனுமு. உருது பேசும் வீடுகளுக்குப் போனால் நாலாவதாக பைன்ஸ். பெயர்கள் பெருகிய ஊரில் எருமைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பத்து வீட்டில் கலப்பினப் பசு இருந்தால் ஒரு வீட்டில் எருமை. தமிழ்நாடு முழுக்க அதுதான் கதை. 2012 கணக்கெடுப்பில் சுமார் 7.8 லட்சமாக இருந்தவை 2019இல் 5.2 லட்சத்துக்கு வந்துவிட்டன. காரணம் கேட்டால் மேய்ச்சல் நிலம், குட்டை, கூலி என்று அடுக்குவார்கள். எல்லாம் உண்மை. தொழுவத்தில் நின்று கேட்டால் முதலில் வரும் பதில் வேறு: “சினை நிக்கல மேடம்.”

பசு பருவத்துக்கு வந்தால் தெருவுக்கே தெரியும். கத்தும், கயிற்றை இழுக்கும், பக்கத்து மாட்டின் மேல் தாவும். எருமை அப்படி அல்ல. காம்பு லேசாகப் புடைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி மூத்திரம் போகும். கண்ணாடி போலக் கோழை வரும், அதுவும் படுத்திருக்கும்போது வந்து வாலில் ஒட்டிக் காய்ந்துவிடும். இதெல்லாம் பெரும்பாலும் இரவில், அல்லது விடியற்காலையில். வெயில் மாதங்களில் இந்தக் குறிகள்கூட இருக்காது. உள்ளே கருமுட்டை வெளியேறியிருக்கும், வெளியே ஒன்றும் நடந்திருக்காது. இதற்கு எங்கள் தொழிலில் ஊமைப் பருவம் என்று பெயர். அந்தச் சொல் எனக்கு நெடுநாளாக உறுத்தல். வாலில் காய்ந்த கோழையும் ஒரு பேச்சுதானே. அதைப் பார்க்கத் தவறியவர்களைக் குருடு என்று சொல்லாமல் எருமையை ஊமை என்று எழுதிவைத்துவிட்டோம்.

பார்த்தவர்கள் இருந்தார்கள். பகற்பொழுது சுருங்கச் சுருங்கத்தான் எருமைக்குப் பருவம் கூடும். ஐப்பசியிலிருந்து தை வரை நல்ல காலம். இந்தப் பக்கம் ராகி கதிர் பிடிப்பதும், பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி, சானமாவு என்று இறங்குவதும் அதே மாதங்களில். ராகியைக் காக்க ராத்திரியில் விழித்திருந்தவர்கள் தொழுவத்துச் சலசலப்பையும் கேட்டார்கள். அவ்வா தன் மாமியாரிடம் கற்றது அப்படித்தான். “கம்பளிக்குள்ளேருந்தே சொல்லிடுவா, எனுமு நிலை கொள்ளலன்னு.” இப்போது அவ்வாவின் மருமகளும் பேத்தியும் உத்தனப்பள்ளிப் பக்கம் வந்திருக்கும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். ஒருத்திக்குக் காலை ஷிப்ட், ஒருத்திக்கு இரவு. விடியுமுன் கம்பெனி பஸ் விளக்கு தொழுவச் சுவரில் ஓடும்போது ஒருத்தி இறங்குவாள், ஒருத்தி ஏறுவாள். எருமையைத் திரும்பிப் பார்க்க இருவருக்குமே தெம்பு இருக்காது. அவர்களைக் குறை சொல்லவும் வாய் வராது. பால் காசைவிடச் சம்பளம் நிச்சயமானது.

ஆகவே எருமையின் நேரத்துக்கு ஆள் இல்லாத வீட்டில், ஆள் இருக்கிற நேரத்துக்கு எருமையைக் கொண்டுவருகிறோம். ஊரில் இதற்கு “மூணு ஊசி”. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பர்ஸ்லி, மீ, வில்ட்பேங்க் ஆகிய மூவர் கறவைப் பசுக்களில் செய்துபார்த்து 1995இல் வெளியிட்ட முறை, அப்படியே எருமைக்கும் வந்தது. முதல் ஊசி மூளையின் அடியில் சுரக்கும் ஒரு கட்டளையின் நகல். சினைப்பையில் பழுத்து நிற்கும் முட்டையை வெளியேற்றி, புதிய வரிசை ஒன்றைத் தொடங்கிவைக்கும். முட்டை போன இடத்தில் ஒரு திசுக்கட்டி வளர்ந்து, இனி அடுத்த பருவம் வேண்டாம் என்று உடம்பைத் தடுத்து நிறுத்தும். ஏழாம் நாள் போடும் ஊசி அந்தக் கட்டியைக் கரைக்கும். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து மறுபடி முதல் மருந்து. இந்த முறை புதிய முட்டைக்குப் புறப்படும் உத்தரவு. அது வெளியே வருவதற்குள், பதினாறு முதல் இருபது மணி நேரத்தில், சினை ஊசி. எல்லாம் கூடி வந்தால் பத்தில் மூன்று நான்கு நிற்கும். என் கைக்கு அதுதான் கணக்கு. வெயிலில் அதுவும் குறையும்.

பால் சொசைட்டிக்காரர்கள் சேர்ந்து ஏற்பாடு செய்த இந்தத் தவணையில் பதினொரு எருமைகள். பதினொன்றுக்கும் ஒரே வெள்ளி, ஒரே திங்கள். பதினொரு உடம்புகள், தனித்தனிக் கிழமைகளில் வாழ்ந்துகொண்டிருந்தவை, என் டைரியின் ஒரு பக்கத்துக்குள் வந்து வரிசையாக நின்றன.

இந்த முறையில் பல எருமைகள் பருவத்துக்கே வருவதில்லை. வேட்கை உடம்பில் ஏறுமுன்பே முட்டைக்கு உத்தரவு போய்விடுகிறது. இருந்தும் சினையாகின்றன. அவ்வாவின் ராகு காலத்தைவிட எனக்குப் பெரிய தொல்லை இதுதான். இந்தியாவில் செயற்கைக் கருவூட்டலில் முதல் கன்று பிறந்தது நமக்கு அடுத்த வீட்டில். 1939இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமரன் செய்து காட்டியது. எருமையில் முதல் கன்று 1943இல் அலகாபாத் வேளாண் நிறுவனத்தில். (பழந்தமிழில் எருமையூர் என்று வருவது மைசூர்ப் பகுதிதான் என்பார்கள். மகிஷனின் ஊருக்கு வந்த பெருமை ஒரு பசுவுக்குப் போய்விட்டது.) அன்று நாம் நீக்கியது கிடாவை மட்டும். பெண் விலங்கின் வேட்கை அப்படியே இருந்தது. அது எப்போது கத்துமோ அப்போது குடுவையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் எங்கள் வேலை. சினை ஊசி போடுகிறவர் பசுவின் ஏவலாள். மூணு ஊசி வந்த பிறகு ஏவலாளான நான் எஜமானியாகிவிட்டேன். இனி நான் ஓட வேண்டியதில்லை, எருமைதான் எனக்குத் தயாராக வேண்டும்.

நான் பிறந்தது குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். திருவாவடுதுறை கூப்பிடு தூரம். அங்கே சுவாமிக்குக் கோமுக்தீசுவரர் என்று பெயர். அம்பாளே பசுவாக வந்து விடுதலை பெற்ற தலம். அந்தக் கோயிலுக்குள்தான் திருமூலரின் சமாதி இருக்கிறது. அப்பா வெள்ளிக்கிழமைதோறும் சொன்ன கதை: மூலன் என்கிற இடையன் மேய்ச்சலில் செத்து விழுகிறான், பசுக்கள் அவனைச் சுற்றி நின்று அழுகின்றன, அந்த வழியாக வந்த யோகி ஒருவருக்கு மனது கேட்கவில்லை. தன் உடம்பை ஒளித்துவைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் நுழைகிறார். பசுக்கள் நக்கிக் கொடுத்துத் துள்ளுகின்றன. மாலையில் வீட்டு வாசலில் மூலனின் மனைவி கையைப் பிடிக்க வர, அவர் விலகி நிற்கிறார். சின்ன வயதில் பசுக்களுக்காகத்தான் அழுதேன். இப்போது அந்தப் பெண் ஞாபகத்துக்கு வருகிறாள். பசுவின் அழுகைக்கு இரங்கிய ஞானிக்கு வாசலில் நின்றவளின் கை பாரமாகிவிட்டது.

அந்தத் திருமூலர் கருவைப் பற்றி எழுதியிருக்கிறார். திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் கர்ப்பக் கிரியை என்று ஒரு பகுதி. கல்லூரியில் இனப்பெருக்கவியல் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா அதைப் பிரித்துக் காட்டி, “உங்க புரொபசருக்குச் சொல்லு” என்றார். நான் சிரித்தேன். பல வருஷம் கழித்துத் தனியாக வாசித்தபோது ஒரு செய்யுளில் நின்றுவிட்டேன். கூடும் இருவரின் மூச்சும் ஒரே விதமாக ஓடினால் குழந்தை அழகாகத் தரிக்கும், மூச்சு குழம்பினால் கருவே இல்லை என்பது அதன் சாரம். மூச்சுக்கும் கருவுக்கும் அப்படியொரு தொடர்பை என் பாடம் ஒப்புக்கொள்ளாது, நானும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அங்கே ஒரு ‘ஒத்து’ இருக்கிறது. இரண்டு உயிர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவருவது. நான் செய்வதற்கும் ஒத்திசைவு என்றுதான் பெயர். என்னுடைய எருமை யாரோடு ஒத்துப்போகிறது? கிடா அலமாதி போன்ற ஏதோ ஓர் உறைவிந்து நிலையத்தில் நிற்கிறது, அல்லது செத்தே போயிருக்கிறது. மைனஸ் 196 டிகிரியில் அதன் விந்துக்கு மூப்பு கிடையாது. எருமை ஒத்துப்போவது பத்து எருமைகளோடும் என் கைக்கடிகாரத்தோடும்தான்.

ஓசூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்பு ஒன்றுக்குச் சில காலம் போனேன். உயிருக்குப் பசு என்று பெயர் வைத்த தத்துவம் அது. கட்டிய கயிறு பாசம், அவிழ்ப்பவன் பதி. கால்நடை மருத்துவருக்கு இதைவிட நெருக்கமான மதம் உண்டா என்று தோன்றும். இறைவன் உயிர்களுக்கு நான்கைத் தருகிறான் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். தனு, கரணம், புவனம், போகம். உடம்பு, கருவிகள், உலகம், அனுபவம். இவற்றில் உழன்று உழன்றுதான் மலம் பக்குவப்படும். நான் எழுந்து கேட்டேன்: “ஐயா, ஒரு கன்றுக்குத் தனு கொடுக்கிறேன். ஆனால் தாயின் போகத்தை எடுத்துவிடுகிறேன். இது கணக்கில் எப்படி வரும்?” வகுப்பில் சிரிப்பு. ஐயா சிரிக்கவில்லை. போகம் என்றால் இன்பம் மட்டுமல்ல, துன்பமும் போகம்தான், ஊசி குத்துகிற வலியும் அந்த உயிரின் வினைப்பயன்தான், நீ கருவி, கவலைப்படாதே என்றார்.

ஆறுதலான பதில். அதுதான் அதன் குறை. அந்தக் கணக்கில் கசாப்புக் கத்தியும் போகம், காளைக்கு இடும் சூடும் போகம். அடிக்கிறவன் எப்போதும் கருவி. நான் வகுப்பை விட்டது இதனால் அல்ல, ஞாயிற்றுக்கிழமைகளில் மாடுகளுக்குக் கழிச்சல் வருவது நிற்காததால். ஆனால் இந்தப் பதிலை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதற்கு மறுபக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் பொய். சினை நிற்காத எருமை வீட்டில் இருக்காது. ஒரு வருஷம் பார்ப்பார்கள், கறவை வற்றும், பிறகு சந்தை, பிறகு கேரளாவுக்குப் போகும் லாரி. பசுவை விற்கும்போது வரும் தயக்கம்கூட எருமையை விற்கும்போது யாருக்கும் வராது. நாட்டின் பாலில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தருவது எருமை, தெய்வமானது பசு. மாரியம்மன் முன்பு வெட்டுப்பட்டதும் எருமைக்கிடா. மகிஷனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே என் மூணு ஊசி அந்த லாரியைத் தள்ளிப்போடுகிறது. எருமையிடம் கேட்க முடிந்தால், வேட்கை இல்லாத ஒரு சினையா, அந்த லாரிப் பயணமா என்று கேட்டால், பதில் எனக்குச் சாதகமாகத்தான் வரும். ஆனால் அந்த இரண்டை மட்டும் தேர்வாக வைத்தது யார்?

கிடாக்கன்று பிறந்தால் நடப்பதை நான் இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. பால் குடிக்க விடாமல் தள்ளிக் கட்டப்பட்டு, பத்து இருபது நாளில் எலும்பாகிச் செத்த கன்றுகளைப் பார்த்திருக்கிறேன். மனுநீதிச் சோழன் கட்டிய மணியை அடித்ததும் பசுதான். பாவம் என்ற சொல்லுக்கு என் தொழிலில் ஓர் இடம் இருந்தால் அது அங்கே, ஊசியில் அல்ல. பெண் கன்றுக்கென்றே பாலினம் பிரித்த உறைவிந்து வந்துவிட்டது. உதகையில் அரசே தயாரிக்கிறது. பட்டினியால் சாகும் கிடாக்கன்றைப் பிறக்காமலே தடுத்துவிடுவது கருணையா? ஆம் என்றுதான் சொல்வேன். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடிக்கும்.

எனக்கும் ஊசி போட்டிருக்கிறார்கள். கல்யாணமாகி ஆறாவது வருஷம், ஒரு மருத்துவமனையில். பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள், பதினாலாம் நாள் ஸ்கேன். முட்டைப்பை பதினெட்டு மில்லிமீட்டர் ஆனதும் இரவில் ஓர் ஊசி, அதிலிருந்து முப்பத்தாறு மணி நேரத்துக்குள் மற்றது. திரையில் அந்தக் கருப்பு வட்டத்தைப் பார்த்தபோது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தெரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. வரிசையில் பதினாலு பெண்கள். எல்லோர் கையிலும் கிழமை எழுதிய சீட்டு. நாலு தடவை. நிக்கல. வீட்டுக்கு வந்து கணவரிடம் அந்தச் சொல்லைத்தான் சொன்னேன், வேறு சொல் வரவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன், எருமை போடவில்லை. அதுதானே வித்தியாசம் என்று நீங்கள் சொல்லலாம். பல நாள் நானும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று அந்தத் தாளில் என்னைக் கையெழுத்துப் போட வைத்ததில் மாமியார் வீட்டுக் கல்யாணங்களில் கேட்ட கேள்விகளுக்கு எவ்வளவு பங்கு, என் விருப்பத்துக்கு எவ்வளவு என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை.

ஊசிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அந்த நாட்களில் தேடித் தேடிப் படித்தேன். முதல் ஊசியின் மூலப்பொருளைக் கண்டுபிடிக்க ஷாலி என்பவரும் அவர் குழுவினரும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் மூளையடியைச் சேகரித்துப் பிழிந்தார்கள். 1971இல் அதன் அமைப்பு தெரிந்தது, 1977இல் நோபல் பரிசு. இன்று அது ஆய்வுக்கூடத்தில் தயாராகிறது, பன்றி தேவையில்லை. முட்டையும் வெங்காயமும் கூடச் சேர்க்காத எங்கள் வீட்டுக்கு இது தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? எருமைக்கு வேறொரு முறையில் போடும் ஹார்மோன் இன்றும் சினைக் குதிரைகளின் ரத்தத்திலிருந்து வருகிறது. மத்திகிரியில் 1824இல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கிய பண்ணையைத் தாண்டும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். நான் அதைத் தொடுவதில்லை.

முட்டையை வளர்க்க எனக்குப் போட்ட மருந்தின் பூர்வீகம்தான் விசித்திரம். அது மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் நிறைய இருக்கும். ஐம்பதுகளின் கடைசியில் இத்தாலியில் செரோனோ நிறுவனம் அதைத் திரட்ட வழி தேடியபோது கைகொடுத்தவை கன்னிமடங்கள். வயதான, கருவுறாத, ஒரே இடத்தில் வாழும் பெண்கள் வேறெங்கே கிடைப்பார்கள்? அந்த நிறுவனத்தில் போப் பன்னிரண்டாம் பயஸின் குடும்பத்தவர் ஒருவரே பொறுப்பில் இருந்தார். அதில் பிறந்த முதல் குழந்தை 1962இல், இஸ்ரேலில். 1987இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை தம்பதியரின் சேர்க்கையிலிருந்து கருவைப் பிரிக்கக் கூடாது என்று சோதனைக்குழாய் முறையை மறுத்தது. மதம் ஒரு வாசலில் மறுத்ததற்கு இன்னொரு வாசலில் வாளி வாளியாகக் கொடுத்திருக்கிறது. நான் இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. ஆசையைத் துறந்தவர்களின் உடம்பிலிருந்து பிள்ளை ஆசை உள்ளவர்களுக்கு மருந்து போனது. வேட்கைக்கும் கருவுக்கும் இடையிலான கயிறு நான் நினைத்ததைவிட முன்பே, நான் நினைத்ததைவிடப் புனிதமான இடத்தில் அவிழ்ந்திருக்கிறது.

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு அவ்வா வீட்டில் இருந்தேன். எருமை இல்லை. புரட்டாசிப் புழுக்கம், முளையைப் பிடுங்கிக்கொண்டு விடியுமுன்பே குட்டைக்குப் போய்விட்டதாம். போய்ப் பார்த்தால் மூக்கும் கொம்பும் மட்டும் தெரிகின்றன. எருமைக்கு வியர்வைச் சுரப்பி மிகக் குறைவு, கருந்தோல் வெயிலைக் குடிக்கும், தண்ணீர்தான் அதற்கு வியர்வை. மழை பெய்தாலும் அசையாத ஜென்மம் என்று நாம் திட்டுவது, மழையில் அது அடைகிற சுகத்தைத்தான்.

“புள்ளைங்கள விட்டு எழுப்பட்டா?” என்று கேட்டேன்.

“ராகு காலம் போவட்டும். அதுக்குள்ள அதுவே வரும்.”

எட்டு மணி உடம்போட கணக்கு என்று அன்றைக்கு அவ்வாவிடம் சொன்னேனே, அது பொய். ஞாயிறு மாலை மூன்றிலிருந்து பதினாறு மணி நேரம் என்றால் காலை ஏழு. இருபது என்றால் பதினொன்று. நடுவே நாலு மணி நேரம் திறந்து கிடக்கிறது. எட்டு என்று எழுதியது எருமைக்காக அல்ல, ஒன்பதுக்கு உத்தனப்பள்ளியில் ஏழு எருமைகளை வரிசையில் நிறுத்தச் சொல்லியிருந்ததால். அங்கே மூன்றாம் ஊசி போட்டது மாலை ஐந்துக்கு மேல். அவர்களுக்கு மதியம் ஒன்று வரை தாங்கும். போன் செய்து பதினொன்றுக்கு வருகிறேன் என்றேன். மறுமுனையில் யாரும் கோபப்படவில்லை. ஒருவர் நிம்மதியாகவே, “அப்ப நான் பால் ஊத்திட்டு வந்துடறேன்” என்றார்.

கரையில் உட்கார்ந்தோம். அவ்வா ராகி அம்பலி கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஊர்ப்பக்கம் திருக்கடையூர் இருக்கிறது, மார்க்கண்டேயனுக்காகச் சிவன் காலனை உதைத்த இடம். அறுபதும் எண்பதும் ஆனவர்கள் அங்கே மறுபடி தாலி கட்டிக்கொள்கிறார்கள், காலனை இன்னும் கொஞ்சம் தள்ளிவைக்க. சின்ன வயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன், எமன் விழுந்தான் சரி, எருமை என்னப்பா ஆச்சு? கதையில் அது இல்லை என்றார். எனக்கு இப்போது தோன்றுகிறது, அது பக்கத்துக் குளத்தில் இறங்கியிருக்கும். காலனைச் சுமப்பது அதன் வேலை, காலம் பார்ப்பது அதன் பழக்கமல்ல.

அவ்வாவிடம் கேட்டேன், இப்படி ஊசி போட்டுச் சினையாக்குவது தப்பு என்று தோன்றுகிறதா என்று. அவர் கொஞ்ச நேரம் குட்டையையே பார்த்தார். “தப்பெல்லாம் தெரியாது. முன்னல்லாம் நான் ராத்திரி எழுந்து அதும் முதுகத் தடவிப் பாப்பேன். சிலிர்க்குதான்னு. இப்ப நீ சீட்டு குடுத்துட்ட. நான் தூங்கறேன்.” தூக்கம் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சியா வருத்தமா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுபதைத் தாண்டியவருக்குத் தூக்கம் சின்ன விஷயமல்ல.

ஒன்பது அடித்துச் சில நிமிஷம். எருமை தலையை உதறியது, முன்னங்காலை ஊன்றியது, சேறு வழிய எழுந்து கரையேறி எங்களைத் தாண்டித் தொழுவத்துக்கு நடந்தது. “ஏமே” என்றார் அவ்வா, தோழியைக் கூப்பிடுவது போல. வேப்ப மரத்தடியில் கட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். நைட்ரஜன் கேனைத் திறந்தேன், புகை அவ்வாவின் காலைத் தொட்டுப் போனது. விந்து ஸ்ட்ராவை 37 டிகிரித் தண்ணீரில் முப்பது விநாடி வைத்துத் துடைத்துச் சினை ஊசிக் கன்னில் ஏற்றினேன்.

இடது கை முழங்கை தாண்டி உள்ளே இருக்கும்போது எருமை முக்கும். குடல் கையைச் சுற்றி இறுகும். புதிதாக வருகிறவர்கள் அப்போது தள்ளுவார்கள், ரத்தம் பார்ப்பார்கள். தள்ளக் கூடாது. கையை அப்படியே தளர்த்தி வைத்துக்கொண்டு அந்த அலை போகும் வரை நிற்க வேண்டும். அது மூச்சை விடும்போது அலை தளரும். அதன் மூச்சை என் தோளில் உணர்வேன். அது இழுக்கும்போது நானும் இழுத்து, அது விடும்போது நானும் விட்டு, அந்த இடைவெளியில்தான் கருப்பை வாயைப் பிடிக்க முடியும். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பதின்மூன்று வருஷத்தில் கை கற்றுக்கொண்டது. அன்று முதல் தடவையாக அப்பாவின் செய்யுள் கையில் வந்து நின்றது. கன் உள்ளே போனது, மெதுவாக அழுத்தினேன்.

அவ்வா வீட்டுக்குள் எட்டி மணி பார்த்தார். “ஒம்பதே கால்.”

“சரி.”

“நின்னுடுமா?”

“மூணு மாசம் கழிச்சுக் கை வெச்சுப் பாத்தாதான் தெரியும் அவ்வா. அதுக்கு முன்னாடி, இருபத்தோராம் நாள் வாக்குல ராத்திரி ஒரு தடவ முதுகத் தடவிப் பாருங்க. சிலிர்த்தா எனக்கு போன் பண்ணுங்க.”

ரசீதைக் கேட்டு வாங்கி, எட்டு என்றிருந்ததை அடித்து ஒன்பதேகால் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். எருமை ஏற்கெனவே வைக்கோலில் வாய் வைத்துவிட்டிருந்தது. குட்டையில் கலங்கல் இன்னும் அடங்கவில்லை.